முதியோரின் பற்களும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பல்லைப் பற்றியது. கல்வி, வாணிபம், விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய பெரிய விஷயங்களைப் பற்றி அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், பல்லும் ஒரு விஷயமாமோ என்று சிலர் எண்ணக்கூடும். யாம் வைத்தியரல்லோம். வைத்திய நூல் வல்லோர் கூறியவற்றைக் கேட்டும் படித்தும், நம்மவர் வீடுகளில் நடப்பவற்றைக் கண்டும் அறிந்தவற்றையே கூறப் புகுகின்றோம். சபையோர் குற்றங்களைந்து குணங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

பல் போனால் சொல் போகும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால், சொல் போவதற்கு முன்னர்ச் சோறு போகின்றது. சோறு போனபின் பலம் போகின்றது. பலம் போனபின் நாலு பேரோடு கூடியிருக்கும் மகிழ்ச்சியும் போகின்றது. நம் கலியாணப் பந்திகளைச் சற்றுக் கவனியுங்கள். குடும்பத்தில் மூத்தவர்கள் முதற்பந்தியில் உட்கார மறுத்து, "நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குப் பசியில்லை" என்று சொல்லித் திண்ணையிலேயே இருந்துவிடுகின்றனர். பசியில்லாமலன்று, மற்றவர் எழுந்த பின்னும் தாம் மென்றுகொண்டிருக்க வேண்டுமே என்ற வெட்கத்தினால். கூட்டம் கலைந்த பின்னர், ஒரு மூலையில் ரசத்தில் கரைத்த சோற்றை விழுங்கி எழுந்துவிடுகின்றனர். விருந்தை நடத்திய வீட்டாருக்கு இது தெரிவதுகூட இல்லை.

நமது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. இங்கே விளைபவை கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி, துவரை, நிலக்கடலை ஆகியவை. பனை தருவது கிழங்கும் கருப்பட்டியும். அண்டையூராகிய சாத்தூர் தருவது காராச்சேவு. இவற்றுட் பெரும்பாலானவை கடித்தும் மென்றும் தின்ன வேண்டிய பண்டங்களேயாம். உழைப்பாளிகளான நம் முன்னோர்க்கு உடலுரம் தந்தவையும் இவையே. பல்லிழந்த முதியவர் தைப்பொங்கலுக்கு வரும் பனங்கிழங்கைப் பேரப்பிள்ளைகள் உரித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடலை போயிற்று, பயறு போயிற்று, காய் போயிற்று, கறி போயிற்று. எஞ்சியவை கஞ்சி, இட்லி, காபியில் நனைத்த பன் ஆகியவைதாம். இவற்றில் மாவும் சர்க்கரையும் உண்டே தவிர, தசையை வளர்க்கும் சத்தும், மலத்தை இளக்கும் நாரும் போதிய அளவில் இல்லை. "வயதாகிவிட்டது, இளைத்துப் போனார்" என்று நாம் சொல்லுகின்றோம். மெல்ல முடியாமையால் இளைத்தார் என்று சொல்வோர் சிலரே.

இங்கே யாம் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. வயதினால் மட்டும் பல் விழுவதில்லை. தலை நரைப்பதுபோலவும் தோல் சுருங்குவதுபோலவும் பல் விழுவதும் இயற்கையே என்று நம்மிற் பெரும்பாலோர் நம்பியிருக்கின்றனர். இது தவறு. மனித சரீரத்திலே எலும்பினும் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சேயாகும். முறையாகக் காத்தால், 32 பற்களிற் பெரும்பாலானவை ஆயுள் முழுதும் நிற்கும். அவற்றை விழச் செய்வது நோய். அந்நோயை வளரவிடுவது நமது அசட்டை.

அந்நோய் வளரும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம். உண்ட சில மணி நேரத்திற்குள் பல்லின்மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பான படலம் படிகின்றது. அது கிருமிகளின் இருப்பிடம். தினந்தோறும் துலக்கி நீக்காவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்தை வாங்கிக் கல்லைப்போல் இறுகிப் பற்காறையாகின்றது. காறை படிந்த இடத்தில் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியும். இதில் வலியிராது, ஆதலின் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பின்னர் ஈறு பல்லைவிட்டு விலகி, உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகின்றது. அடிமண் அரித்த கரைமரம் சாய்வதுபோல, பழுதற்ற பல்லும் ஆடி விழுந்துவிடுகின்றது. இது பத்து, இருபது வருஷ காலம் நடைபெறும் காரியம். அறுபதில் விழும் பல்லுக்கு நாற்பதிலேயே குழி பறிக்கப்படுகின்றது என்று அறிக.

நீரிழிவு என்னும் சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கு இந்த ஈறுநோய் விரைந்து முற்றும். அன்றியும், ஈறுநோய் முற்றினால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்குவதும் கடினமாகும். ஒன்றற்கொன்று உரமிடும் இரு பகைகள் இவை. கடையிலே காலை முதல் இரவு வரை உட்கார்ந்து தொழில் செய்யும் நம்மவரிற் பலர் சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் உண்கின்றனர்; அவர்கள் பல் வைத்தியரிடமும் போகவேண்டுமென்று எண்ணுவதில்லை.

முதியோர்க்கே உரிய இடர்கள் வேறு இரண்டுண்டு. ஈறு இறங்கிய பின் பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு மேற்பல்லைப் போன்ற கடினமான பூச்சு இல்லை. ஆதலால் கருப்பட்டியும் மிட்டாயும் இனிப்புக் காபியும் அங்கே எளிதிற் சொத்தை விழச் செய்யும். மற்றொன்று வாய் உலர்தல். உமிழ்நீர் வாயைக் கழுவி, பல்லைக் காக்கும் இயற்கைத் தீர்த்தம். இரத்த அழுத்தம், மனச்சோர்வு, சளி முதலியவற்றுக்கு உண்ணும் மருந்துகளிற் பல அதைக் குறைத்துவிடுகின்றன. நாவறட்சிக்கு இனிப்பு மிட்டாயைச் சப்புவோர் சொத்தையைத் தாமே அழைக்கின்றனர். அடிக்கடி சிறிது தண்ணீர் குடித்தலும், வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்ற இயலுமா என்று கேட்டலுமே தக்கவை. மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

மழை குறைந்த நிலங்களுக்குத் தண்ணீராலும் ஒரு தீங்கு நேர்வதுண்டு. பாறைக்கிடையே ஆழத்திலிருந்து எடுக்கும் நீரிற் சில இடங்களிலே புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கும். 1937-ஆம் வருஷம் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவிலே இந்நோய் கண்டறியப்பட்டது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதே நலம். வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராமே எல்லை என்று நம் தேசத்து நீர்த்தர விதி கூறுகின்றது. பல் உருவாகும் இளம்பருவத்தில் மிகையாக உட்கொண்டால், பல்லிலே வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் நிலைத்துவிடும். பின்னர் எலும்பும் மூட்டும் விறைக்கலாம். இக்கறை அழுக்கன்று. செங்கற்பொடி கொண்டு தேய்த்தாற் போகாது, பல்தான் தேயும். தம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்கச் செய்து, உப்பு மிகுந்திருந்தால் குடிப்பதற்கு வேறு நீர் தேடிக்கொள்ளுதல் பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரமாகும்.

இனி வெற்றிலை பாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லும்போது முதியோர் எம்மீது மனத்தாங்கல் கொள்ளலாகாது. தாம்பூலம் நமக்கு மங்கலப் பொருள். சம்பந்தம் பேசினாலும் தாம்பூலம். வழக்குத் தீர்ந்தாலும் தாம்பூலம். தட்டில் வைத்து வழங்கும் மரியாதையை எவரும் குறை கூறவில்லை. காலை முதல் இரவு வரை கன்னத்தில் அடக்கி வைக்கும் வழக்கத்தையே குறை கூறுகின்றோம். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பது என்று 1985-ல் தீர்மானித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே அந்நோயை விளைக்கும் என்று 2004-ல் மேலும் தெளிவாயிற்று. ஆகவே, "யான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பாக்கை ஓயாது மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாய் வரவரத் திறக்க முடியாமற் போவதும் உண்டு.

எம் உறவினரான ஒரு மூதாட்டியார் திருச்சுழிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர். தம் பதினெட்டாம் வயது முதல் புகையிலை போட்டவர். கன்னத்தின் உட்புறம் ஒரு புண் தோன்றிற்று. "சுண்ணாம்பு பொத்துவிட்டது, ஆறிவிடும்" என்று நாலு மாத காலம் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பு காரமாயிருக்கின்றதென்று மருமகளிடம் குறைப்பட்டார். மருமகளும் மிளகாயைக் குறைத்தார். கேட்டவர் பலர், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர் ஒருவருமில்லை. மதுரைக்கு அழைத்துச் சென்றபோது நோய் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆடி மாதம் அவர் இல்லை. மூன்று பிள்ளைகளும், வீடு நிறையப் பேரப்பிள்ளைகளும் உள்ள குடும்பம் அது. அன்புக்குக் குறைவில்லை, பார்க்க வேண்டுமென்ற அறிவுதான் இல்லை.

பார்ப்பதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நமக்கு அடுத்த கேரளத்திலே, திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கப்பட்டது. 35 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறக்குறைய 1,90,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்துவந்தனர். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. வெளிச்சமும் கண்ணுமே கருவிகள். அதன் முடிவு 2005-ல் வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ வழங்கியவர்களுள், இவ்வாறு பார்க்கப்பட்ட பிரிவில் வாய்ப்புற்றினால் இறந்தவர் தொகை மற்றப் பிரிவைவிட 100-க்கு 34 பங்கு குறைந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தலென்ற எளிய காரியம் உயிரைக் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, மாதம் ஒரு முறை, அமாவாசையென்றோ பௌர்ணமியென்றோ ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வீட்டு முதியோரை வெளிச்சத்தில் உட்காரச் செய்து, பல்செட்டு இருந்தால் கழற்றச் சொல்லி, உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் மேலும் கீழும் இரு ஓரங்களும், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கட்டி, கழுத்தில் நெறி, வாய் திறப்பதிற் குறைவு ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இராமலிருப்பதே இந்நோயின் வஞ்சகம். இதை மருமக்கள்மேற் சுமத்திவிட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போய்விடுதல் நீதியன்று. "அப்பத்தா, வாயைத் திறவுங்கள், பார்ப்போம்" என்று பேரன் சொன்னால் எந்த அப்பத்தாள்தான் மறுப்பார்?

நம் முன்னோர் பல் துலக்காதவரல்லர். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதியென்று கண்டவர் அவர்கள். வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் கரிசற்காட்டில் விலையின்றிக் கிடைப்பவை. நுனியை நன்கு மென்று தூரிகைபோலாக்கி மெல்லத் துலக்கினால் நன்மையே. ஆனால் ஆடும் பல்லும் இறங்கிய ஈறும் உள்ள முதியவர் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் ஈறு கிழியும். அவர்களுக்கு மெல்லிய மயிர்களையுடைய பிரஷே தக்கது. கரித்தூள், சாம்பல், செங்கற்பொடி, ஆற்று மணல் ஆகியவை பல்லை அராவும். புகையிலை கலந்த பற்பொடிகளும் பற்பசைகளும் 1992-லேயே நம் தேசத்தில் தடுக்கப்பட்டன. எனினும் புகையிலையைக் கருக்கி ஈற்றில் தேய்க்கும் பழக்கத்தை இன்னும் விடாதவர் உளர். அது வலியை மரக்கச் செய்யுமேயன்றி நோயைத் தீர்க்காது.

செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது: காலையில் ஒரு முறையும், இரவு படுக்குமுன் ஒரு முறையும், புளோரைடு கலந்த பற்பசை சிறிதிட்டுத் துலக்குக. மேற்கூறிய தீங்கு, மிகுந்த புளோரைடுள்ள நீரைப் பல காலம் குடிப்பதால் வருவது. பற்பசையைத் துப்பிவிடுகின்றோமாதலின், பெரியோர்க்கு அதனால் நன்மையே. இரவு துலக்குதல் நம்மவருக்குப் புதிது. எனினும் இரண்டனுள் முக்கியமானது அதுவே.

இரண்டாவது: எதை உண்டாலும் வாய் கொப்பளிக்க. நம் ஊரில் தண்ணீர் அரிது என்பது மெய்தான். ஆனால் இதற்கு ஒரு தம்ளர் நீர் போதும்.

மூன்றாவது: வருஷத்திற்கு ஒரு முறையேனும் பல் வைத்தியரிடம் காட்டிக் காறையை நீக்கிக்கொள்க. காறை எடுத்தாற் பல் ஆடிவிடும் என்பது வீண் அச்சம். காறை மறைத்திருந்த ஆட்டமே அப்போது வெளிப்படுகின்றது. மேற்பல்லைப் பிடுங்கினாற் கண் பார்வை போய்விடும் என்பதும் ஆதாரமற்ற பேச்சு.

நான்காவது: இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்போரும், நீரிழிவு, இருதய நோய் உள்ளோரும், பல் பிடுங்குமுன் அதனை வைத்தியரிடம் அவசியம் கூறுக.

ஐந்தாவது: சட்டப்படி பதிவு பெற்ற பல் வைத்தியரிடமே செல்க. திருவிழாக் கடையிலும் தெருவோரத்திலும் மலிவாய்ப் பல் கட்டுவோரிடம் போய், நல்ல பற்களையும் இழந்து வந்தவர் பலர்.

பல்லெல்லாம் போனவர்க்கும் கதியில்லாமலில்லை. நன்கு அளவெடுத்துச் செய்த பல்செட்டு, பேச்சையும் உணவையும் பெரும்பாலும் மீட்டுத் தரும். முதல் சில வாரம் உறுத்தும். அதற்காகப் பெட்டியிற் போட்டுப் பூட்டிவிடாமல், வைத்தியரிடம் சென்று சரிசெய்துகொள்ள வேண்டும். மென்சோற்றில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கடின உணவுக்குப் பழக வேண்டும். இரவிற் கழற்றித் துலக்கித் தண்ணீரிலிட்டு வைத்தல் அவசியம். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். இரவும் பகலும் அணிந்திருந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சை பற்றும். தாடை எலும்பு வருஷந்தோறும் சிறிது தேய்வதால், முன்னம் பொருந்திய செட்டும் பின்னர்த் தளரும். அப்போது உட்புறத்தைப் புதுப்பிக்க வேண்டும். பல்லில்லாதவர்க்கும் ஈற்றையும் நாக்கையும் நனைந்த துணியால் துடைத்தல் வேண்டும்.

படுக்கையிலுள்ள முதியோர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. குளிப்பாட்டுகின்றோம், துணி மாற்றுகின்றோம், வாயை மறந்துவிடுகின்றோம். வாயிலுள்ள கிருமிகள் உமிழ்நீரோடு மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் சுரம் உண்டாகும். ஜப்பான் தேசத்தில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷ காலம் ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் வாய் சுத்தம் செய்யப்பெற்றவருள் நுரையீரல் சுரம் கண்டவர் 100-க்கு 11 பேர். அவ்வாறு செய்யப்பெறாதவருள் 19 பேர். ஒரு பிரஷும் ஒரு துண்டுத் துணியும் மருந்துக்கு நிகராயின.

அதே ஜப்பான் தேசத்தார் 1989-ல், 80 வயதில் 20 பற்களேனும் இருத்தல் வேண்டுமென்று ஓர் இயக்கம் தொடங்கினர். அக்காலத்தில் அவ்வயதினருள் அவ்வாறிருந்தவர் 100-க்கு 10 பேருக்கும் குறைவு. 2016-ல் கணக்கெடுத்தபோது பாதிப் பேருக்கு மேல் அந்நிலையை எய்தியிருந்தனர். ஒரே தலைமுறையில் நிகழ்ந்த மாறுதல் இது. வயதே பல்லை விழச் செய்வதாயின், அந்நாட்டாருக்கு மட்டும் வயது ஏறவில்லையா?

"போகிற வயதில் பல்லுக்குச் செலவு எதற்கு?" என்று சில முதியவர் தாமே கூறுவர். பிள்ளைகளும் அதனைச் சம்மதமென்று கொண்டுவிடுகின்றனர். அறுபதைத் தாண்டிய பின் இன்னும் பதினைந்து, இருபது வருஷம் வாழ்வோர் நம்மிற் பலர். அத்தனை வருஷமும் கரைத்த சோறு உண்டு, கையால் வாயை மறைத்துச் சிரித்து வாழவா அவர்கள் நமக்குக் கடை வைத்துக் கொடுத்தார்கள்? தாம் கம்பங்கூழ் குடித்து நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வேண்டாம் என்பது செலவுக்கு அஞ்சியே. அச்சொல்லை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தகுதியன்று.

முடிவாக, நமது சங்கத்தார் திருமுன்னர் மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கின்றோம். ஒன்று, வருஷந்தோறும் பங்குனிப் பொங்கலுக்கு வெளியூர்களிலிருந்து நம்மவர் வந்து கூடும் காலத்தில், மகமை மண்டபத்திலே பல் வைத்தியர்களை வரவழைத்து, ஐம்பது வயது கடந்தோர் அனைவருடைய வாயையும் இலவசமாய்ப் பார்க்கச் செய்தல். இரண்டு, சந்தேகம் கண்டவர்களை அருப்புக்கோட்டை அரசினர் ஆஸ்பத்திரிக்கோ, 2022-ல் திறக்கப்பெற்ற விருதுநகர் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, மதுரைக்கோ உடன் அழைத்துச் செல்ல நம் வாலிபர்களில் சிலரை நியமித்தல். முதியவர் தனியே போகமாட்டார், துணையிருந்தாற் போவார். மூன்று, பிள்ளைகளற்ற முதியோர்க்கும் ஏழை விதவைகளுக்கும் பல்செட்டு வைத்துக் கொடுக்க மகமையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்குதல். மற்றும், 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து கொண்டு வீட்டுக்கே வரும் அரசாங்க ஊழியர்களிடம், வாயிலுள்ள புண்ணையும் தவறாமற் காட்டுமாறு நம் பெண்மக்களுக்குச் சொல்லிவைத்தல் நலம்.

இவை செய்தற்கரிய காரியங்களல்ல. 1889-ல் விருதுநகரிலே க்ஷத்திரிய வித்தியாசாலையை நம் பெரியோர் நிறுவினர். வீடுதோறும் உலையிலிடுமுன் எடுத்து வைத்த பிடியரிசி அப்பள்ளியைத் தாங்கிற்று. பிள்ளைகளின் கல்விக்காகப் பிடியரிசி எடுத்து வைத்த சமூகம், அப்பெரியோரின் வழிவந்த முதியோர் அவ்வரிசிச் சோற்றை மென்று உண்ணும்படி செய்யமாட்டாதா? செய்யும் என்று நம்புகின்றோம்.

இக்கூட்டம் முடிந்து வீடு சென்றதும், இன்றிரவே உங்கள் தாய் தந்தையரை விளக்கின் அருகில் அமர்த்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். யாம் இத்தனை நேரம் பேசியதன் பயன் அதுவேயாகும்.

 நம் முதியோர் நோயின்றி நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.